ரெட்டைவால் கட்டிய கெர்னல்

மூன்றாவது தடவையும் ஒத்துவரவில்லை என்று முத்திரைக்காரர் வந்து சொன்னதும் சின்னவளுக்கு வந்த முதல் நினைப்பு, அண்ணி எங்கேயோ கோட்டை விட்டுவிட்டாள் என்பதுதான். தன் பக்கம் தப்பு இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினோரு வாரமாகத் தோன்றாதது அன்றைக்கு மட்டும் எப்படித் தோன்றும்?

நடுவில் இருந்து சொன்னால் யாருக்குப் புரியும்? முதலில் இருந்தே வருவோம்.

அந்தக் கம்பெனி, வீட்டில் வைத்துக்கொள்ளும் மூச்சு மெஷின் செய்கிறது. நுரையீரல் தளர்ந்துபோனவர்கள் மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால் போதும், மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குள் கெர்னல். மோட்டார், பேட்டரி, அலாரம் என்று எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற அடிப்படை நிரல் அதுதான். உயிர் சம்பந்தப்பட்ட சமாசாரம் இல்லையா, அதனால் அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒரே மூலநிரலிலிருந்து ஒரே கெர்னலை ரெண்டு பேர், ரெண்டு ரூமில், வெளியே எந்தத் தொடர்பும் இல்லாத ரெண்டு கம்ப்யூட்டரில் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஒருத்தர் கட்டியதை இன்னொருத்தர் எட்டிப் பார்க்கக்கூடாது. ரெண்டையும் தரப்பிரிவில் கொடுத்தால், அவற்றின் கைரேகையை, அதாவது அறுபத்து நாலு எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளத்தை, எடுத்துப் பார்ப்பார்கள். அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் முத்திரை. கட்டியதற்குள் ஒரே ஒரு எழுத்து பிசகியிருந்தாலும் கைரேகை முழுசாக மாறிவிடும். எங்கே பிசகியது என்று அது சொல்லாது.

முத்திரை குத்துபவருக்கு ஆபீசில் முத்திரைக்காரர் என்றே பெயர். அவருக்கு ரெண்டே பதில்தான் தெரியும். "ஒண்ணா இருக்கு" அல்லது "ஒண்ணா இல்ல." மேற்கொண்டு கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

கட்டுகிற ரெண்டு பேர், சின்னவளும் அண்ணியும். ரெண்டு பேரும் முதலில் ஒரே ஆபீஸ் சிநேகிதிகள். ஒரு சாயங்காலம் டீ குடிக்க வீட்டுக்கு வந்தவளை அண்ணன் பார்த்தான். வந்தவள் வீட்டோடு தங்கிவிட்டாள். அதற்கு அப்புறம் கேட்க வேண்டுமா? காலையில் ஒரே பஸ், மத்தியானம் ஒரே டப்பா, சாயங்காலம் அண்ணனைக் கிண்டல் பண்ண ரெண்டு வாய். வீட்டில் அப்பா ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சரியான ரெட்டைவாலுங்கடி நீங்க. ஒண்ணே தாங்காது, ரெண்டு வந்து வாய்ச்சிருக்கு" என்று திட்டினார். திட்டு ரெண்டு பேருக்கும் ரொம்பப் பிடித்துப் போயிற்று.

கெர்னல் கட்டுவது என்றால் பட்டனை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது இல்லை. தொடங்கும் முன்பே கம்ப்யூட்டரின் காதில் சில சேதிகளைப் போட்டு வைக்க வேண்டும். எந்தச் சிப்புக்குக் கட்டுகிறோம், நிரலைச் சிப்பின் பாஷைக்கு மாற்றுகிற எந்தக் கம்பைலரால் கட்டுகிறோம், கட்டி முடித்ததை எங்கே கொட்ட வேண்டும், எந்தத் தேதி போட வேண்டும், கட்டியவர் பெயர் என்ன. சேதிக்கு ஒரு பெயர், எதிரே ஒரு மதிப்பு. என்விரான்மென்ட் வேரியபிள் என்பார்கள். சொன்னால் சொன்னபடி கேட்கும். சொல்லாமல் விட்டால் தன் இஷ்டத்துக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, வாயே திறக்காமல் வேலையை முடித்துக் கொடுத்துவிடும். வில்லங்கம் அங்கேதான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் முதல் கெர்னல் கட்டும்போது, கட்டியவர் பெயர் ரெண்டு கம்ப்யூட்டரிலும் ஒன்றாக இருக்க வேண்டுமே, என்ன போடலாம் என்று பேச்சு வந்தது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அவ்வளவுதான். அவரவர் கம்ப்யூட்டர் எழுந்ததும் முதலில் படிக்கிற கோப்பில், தனக்குத்தானே சிரித்துக்கொண்டு இந்த வரியை எழுதி வைத்தார்கள்:

KBUILD_BUILD_USER=rettaivaal

வெளியில் இருந்து வந்த பரிசோதகர், அது யாரோ பெரிய இன்ஜினியரின் பெயர் என்று நினைத்துப் பதிவேட்டில் அப்படியே ஏற்றிவிட்டார். அதற்கு அப்புறம் நினைத்தாலும் மாற்ற முடியாது.

இப்போது சண்டைக்கு வருவோம். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தெட்டு வருஷம் ஓடியவர். ரிப்பேர் முடிந்ததும் முதல் ஆளாகத் தானே ஏறிப் பத்து மாடியும் போய் வந்துதான் மற்றவரை ஏற விடுவார். "செஞ்சவன் ஏறாத வண்டியில எவனும் ஏற வேண்டாம்" என்பார். லிஃப்ட் குழியின் தூசியிலும் கிரீசிலும் கிடந்த நுரையீரல் கடைசியில் கைவிட்டது. தினமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரமும் ராத்திரி முழுக்கவும் மூச்சு மெஷின். மகளும் மருமகளும் கட்டிய அதே மெஷின்தான்.

ஒரு சாயங்காலம் அண்ணன், சட்டைக்கு அயர்ன் போட வேண்டும் என்று, எந்தப் பிளக் என்று பார்க்காமல் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். பேட்டரிக்கு மாற வேண்டிய மெஷின் மாறவில்லை. அணைந்தது. தானாக மறுபடி எழ நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடியில் அப்பாவின் உதடு போன நிறத்தைச் சின்னவள் பார்த்தாள்.

பேட்டரியைக் கவனிக்கிற பகுதி கெர்னலோடு ஒட்டிப் பிறக்காமல் தனியாக, கரண்ட் போன பிறகு தாமதமாக வந்து சேர்கிற மாதிரி அமைத்திருந்தார்கள். அதுதான் கோளாறு. அந்த அமைப்பில் ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தது. ஆனால் கோபத்துக்குக் கணக்கா தெரியும்? சின்னவள் அண்ணியைப் பார்த்துக் கத்தினாள்.

"அவசரப்பட்டு அனுப்பினது நீங்க! உங்களுக்கு அவர் மாமாதானே? எனக்குத்தானே அப்பா!"

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அண்ணன் அயர்ன்பாக்ஸோடு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தான், பாவம்.

அதற்கப்புறம் பதினோரு வாரம். ஒரே பஸ், வேறு வேறு ஸீட். ஆபீஸ் விஷயம் மெயிலில், வீட்டு விஷயம் அண்ணன் வழியாக. "பிளக்கைத் தொடாதீர்கள்" என்று கம்பெனி எல்லா வீட்டுக்கும் கடிதம் போட்டது. இந்த வீட்டில் கடிதத்தை நம்பாமல், சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போய்ப் பிளக் பக்கத்தில் போட்டார்கள். சாயங்காலம் ஒரு நாள் சின்னவள், ஒரு நாள் அண்ணி காவல். ராத்திரி அண்ணன் பிளக்குக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டு படுத்தான். மேஜையில் நாலு நாற்காலி மூன்றானதால் நாலு பேரும் சேர்ந்து சாப்பிடுவது நின்றுபோயிற்று. நின்றதற்கு நாற்காலி மட்டும் காரணம் இல்லை என்பது அப்பாவுக்கும் தெரியும்.

அந்த முதல் வாரத்தில் சின்னவள் ஆபீசில் இன்னொரு காரியமும் செய்திருந்தாள். ஆத்திரத்தோடு செய்தாள், செய்த கையோடு மறந்தும் போனாள்.

கோளாறைச் சரிசெய்து, எல்லாச் சோதனையும் முடித்து, புதுக் கெர்னல் கட்டுகிற நாள் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் பரிசோதகர் வருவார். அப்போது முத்திரையோடு கெர்னல் தயாராக இருக்க வேண்டும். தவறினால் அவருடைய அடுத்த முறை ரெண்டு மாதம் கழித்து. இன்னும் ரெண்டு மாதம் அந்த நாற்காலியா? மணி ஒன்றே முக்கால், மூன்று தடவை கட்டியாயிற்று, மூன்று தடவையும் "ஒண்ணா இல்ல."

மூலநிரல் ஒன்று, அமைப்புக் கோப்பு ஒன்று, கம்பைலர் ஒன்று. அப்புறம் என்ன கேடு?

"ஒருத்தர் கட்டினதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாதுன்னுதான் சட்டம். காதுல ஓதினதை ஒப்பிடக் கூடாதுன்னு இல்ல" என்றார் முத்திரைக்காரர். வாழ்க்கையில் முதல் முறையாக மூன்றாவது பதில் ஒன்று அவரிடமிருந்து வந்தது. "என்விரான்மென்ட்டை அச்செடுத்துட்டு வாங்க ரெண்டு பேரும். எதிரெதிரே உட்கார்ந்து வாய் விட்டு வாசிங்க. மெயில் வேண்டாம். பதினோரு வாரமா மெயில்லயே குடித்தனம் நடத்தறீங்க, பார்த்துட்டுதான் இருக்கேன்."

உட்கார்ந்தார்கள். அண்ணி காதோரம் கொஞ்சம் நரைத்திருப்பதைச் சின்னவள் அப்போதுதான் பார்த்தாள். எப்போது வந்தது இது?

"நீ வாசி. நான் டிக் போடறேன்" என்றாள் அண்ணி, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே.

"ARCH, arm64."

"இருக்கு."

"CROSS_COMPILE." கம்பைலரின் பெயரைச் சின்னவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"இருக்கு."

"தேதி."

"இருக்கு. விநாடியைச் சொல்லு. ம்ம், இருக்கு."

இப்படியே முப்பத்தொரு வரி. கடைசி டிக் விழுந்ததும் சின்னவள் காகிதத்தை மேஜையில் வைத்தாள். உள்ளுக்குள் ஒரு கெத்து.

"என்னோடது முப்பத்தொண்ணும் உங்ககிட்ட அப்படியே இருக்கு. அப்ப என் பக்கம் ஒண்ணும் இல்ல."

"என்கிட்ட முப்பத்திரெண்டு இருக்கு" என்றாள் அண்ணி.

வாசிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பித் தள்ளி, டிக் விழாத ஒரே வரிக்குக் கீழே பென்சில் முனையை வைத்தாள்.

சின்னவளுக்கு முகம் சுருசுருவென்று சுட்டது. நினைவு வந்துவிட்டது. சண்டைக்கு மறுநாள் காலை, கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல், அந்தக் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்து அழித்தது. 'இனி இந்தப் பேர்ல உங்ககூட எனக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்ல' என்று அழித்தது. பெயர் சொல்லாததால் கம்ப்யூட்டர் அவளுடைய சொந்தப் பெயரைப் பதித்துக்கொண்டு, மூன்று தடவையும் சத்தமில்லாமல் கட்டிக் கொடுத்திருக்கிறது. ரெண்டு மாதம் அப்பாவின் மூச்சை அந்த அழித்த விரல் பறிக்கப் பார்த்திருக்கிறது. சே!

"நீங்க ஏன் அண்ணி எடுக்கல?" என்றாள் சின்னவள்.

"நான் எதுக்கு எடுக்கணும்? சண்டை போட்டது நீ. நான் போடலையே."

சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவும் இல்லை. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு அண்ணி. ரொம்பத் தப்பு."

"தப்புதான்" என்றாள் அண்ணி. பரவாயில்லை, விடு என்றெல்லாம் சொல்லவில்லை. "அவரை மாமான்னு கூப்பிடறேன். அதுக்காக அன்னிக்கு அவர் உதடு போன நிறம் எனக்குப் பாதிதான் தெரிஞ்சுதுன்னு நினைச்சியா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போ, போய் எழுது. கட்டி முடிக்க அம்பது நிமிஷம் ஆகும். அழறதை அப்புறம் வச்சுக்கலாம்."

போய் எழுதினாள். அவசரத்தில் ரெட்டைவாலுக்கு ஒரு எழுத்து விட்டுப்போய், அழித்து மறுபடி எழுதினாள். மூன்று மணி பத்துக்கு முத்திரைக்காரர் கதவைத் திறந்து, கண்ணாடியைத் துடைக்காமலே, "ஒண்ணா இருக்கு" என்றார். உள்ளே முத்திரை விழுந்த சத்தம் தாழ்வாரம் வரைக்கும் கேட்டது. சின்னவள் அங்கேயே தண்ணீர் கேன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் அன்றைக்கு ஒரே ஸீட்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை சர்வீஸ்காரர் வந்து வீட்டு மெஷினில் புதுக் கெர்னலை ஏற்றினார். ஆள் இல்லாமல் பிளக்கைப் பிடுங்கிப் பத்து முறை காட்டினார். பத்து முறையும் சரி. அவர் போனதும் அப்பா மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சாய்ந்தார். இப்போது ஆளோடு ஒரு முறை பார்க்க வேண்டும். யார் பிடுங்குவது?

"நீங்க பண்ணுங்க அண்ணி."

"ஐயையோ, நீ பண்ணு."

"அண்ணா?"

அண்ணன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பிளக் விஷயத்தில் அவனுக்கு ஜென்மத்துக்கும் போதும்.

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா மாஸ்க்கோடு ஒருக்களித்து, கையை நீட்டி, தானே பிளக்கைப் பிடுங்கினார்.

மெஷின் ஒரே ஒரு தடவை சின்னதாக பீப் என்றது. அப்பாவின் மார்பு ஏறியது. இறங்கியது. சின்னவள் எண்ண ஆரம்பித்தாள். எப்போது அண்ணியும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. பதினெட்டு, பத்தொன்பது. அப்பா பிளக்கைக் கையில் பிடித்தபடி, பத்தாவது மாடிக்குப் போகிறவர் மாதிரி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. மார்பு ஏறியது. நாற்பத்தொன்று. அண்ணி சின்னவளின் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. யாருக்கும் நிறுத்த மனசு வரவில்லை. நூறு வரைக்கும் எண்ணினார்கள்.

அப்பா மாஸ்க்கை இறக்கினார். புதுசாக ஏற்றிய விவரம் மெஷின் திரையில் ஒரு வரியாக நின்றிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒரு இடத்தில் நின்று, திரும்பவும் படித்தார்.

"என்னடி இது?"

ரெண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"எத்தனை வீட்டுல இருக்கு இந்த மெஷின்?"

"நாலாயிரம், மாமா" என்றாள் அண்ணி.

"நாலாயிரம் வீட்டுக்கும் என் திட்டை அனுப்பி வச்சிருக்கீங்களா?" சிரிக்கப் போய் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டும் சிரித்தார். அப்புறம் பிளக் பக்கத்தில் கிடந்ததைக் கையால் காட்டினார். "அந்த நாற்காலியை மொதல்ல வெளிய எடுங்க. பசிக்குது எனக்கு."

ஒரு ஆள் தூக்கக்கூடிய நாற்காலிதான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வாசலில் இடித்து, "உன் பக்கம் தூக்குடி", "நீங்க சாய்ங்க அண்ணி" என்று கத்திக்கொண்டே மேஜைக்குக் கொண்டுபோனார்கள்.