முக்காட்டுக்கு வெளியே ஒரு ஜிமிக்கி

1

முக்காடு எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இதை ஷைலா வாய்விட்டுச் சொல்லவில்லை. மேனாம்பேட்டில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், தெருமுனை ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தபடி நினைத்துக்கொண்டாள். அவளைவிடப் பெரிய ஷைலா ஒருத்தி மேலேயிருந்து கைகூப்பிச் சிரித்தாள். தலையில் வெள்ளை முக்காடு. கீழே எழுத்துகள்: ‘ஜெர்மனியில் இறையியல் பயிலும் நம் பங்கு ஆலயத்தின் முதல் அருட்சகோதரி ஷைலாவே, வருக வருக!’

ஷைலா அருட்சகோதரி இல்லை. ஆகப்போவதாக யாரிடமும் சொன்னதும் இல்லை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். முகப்பேரிலிருந்து பேருந்தில் போகும்போது இப்படி ஒரு ஃபிளெக்ஸைப் பார்த்தேன். ஒட்டவைத்த முக்காட்டுக்கு வெளியே, இடது காதில் ஒரு ஜிமிக்கி அழிபடாமல் ஆடிக்கொண்டிருந்தது. (ஆடியது ஃபிளெக்ஸ்தான். இருந்தாலும் ஜிமிக்கி ஆடியது என்றே வைத்துக்கொள்கிறேன்.) பேருந்து நகர்ந்துவிட்டது. அந்தப் பெண் யாரென்று தெரியாது. மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் ஜெர்மனியில்தான் தொடங்கினேன். ‘பனி பெய்துகொண்டிருந்தது. தூரத்து மணிக்கூண்டில்—’

நிறுத்திவிட்டேன். மார்கழியில் பருத்திப்பட்டு ஏரிக்காற்றுக்கே ஸ்வெட்டர் தேடுகிற எனக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்?

தெரிந்த அளவு சொல்கிறேன். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே திருச்சபை நடத்தும் சின்னப் பல்கலைக்கழகம்; முகப்பேர்ப் பள்ளி எதிலும் காலை அசெம்பிளிக்கு இதைவிடக் கூட்டம் நிற்கும். இறையியல் வகுப்பில் பாதிரியாராகப் போகும் குரு மாணவர்கள் இரண்டொருவர்தான். மற்றவர்கள் மறைக்கல்வி ஆசிரியராகப் போகிறவர்கள், கைக்குழந்தையோடு வரும் ஒரு தாய், எதுவாகவும் ஆகும் உத்தேசமின்றிப் படிக்கிற சிலர். ‘நீ மடத்தில் சேரப் போகிறாயா?’ என்று அவளை அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

சிறுமியாக இருந்தபோது மேனாம்பேட்டு ஆலயத்தின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஷைலா எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள். “கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் எதுக்கு நாம ஜெபத்துல சொல்லணும்?”

“உக்காரு” என்றார்கள்.

அதே கேள்வியைப் பல வருடம் கழித்து, தடுமாறும் ஜெர்மனில், அங்கே கேட்டாள். பேராசிரியர் கொண்டுவந்திருந்த பாடத்தை மூடி வைத்தார். அந்த வகுப்பு முழுக்க அவள் கேள்விதான். கடைசியில், “எனக்கும் முழுசாகத் தெரியவில்லை” என்றார். மாணவர்கள் விரல்முட்டியால் மேசையைத் தட்டினார்கள். அங்கே கைதட்டலுக்குப் பதில் அதுதான் வழக்கம். ஷைலாவுக்கு அழுகை வந்தது—

(இல்லை. பசி வந்தது. சந்தோஷம் வந்தால் அவளுக்குப் பசிக்கும்.)

3

ஊருக்கு வந்த அன்று அம்மா தெரசா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஷைலா மேசையைத் தட்டினாள்.

“யாருடி அது, கதவத் தட்றது?”

“நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம்மா. அங்க அப்படித்தான். சரி, அந்த ஃபிளெக்ஸ் இன்னாது?”

தெரசா குழம்புச் சட்டிக்குள் பார்த்தாள். அவள் பொய் சொன்னதே இல்லை. பொண்ணு என்ன படிக்குது என்று கேட்டவர்களிடம் இறையியல் என்றாள். மீதியை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.*

“எதிர் ஊட்டு கோமளா மாசா மாசம் மாப்ள போட்டோ எடுத்துகினு வருவாளே, இப்ப வரதே இல்ல. என்னப் பாத்தா சேர் போட்டு உக்கார வைக்கிறா. எல்லாம் உன் நல்லதுக்குத்தாண்டி!”

* எங்கள் பக்கத்தில் இறையியல் படித்தால் ஆண் குரு, பெண் கன்னியர். மூன்றாவதாக ஒன்று இருக்கிற செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

(முதல் வரைவில் தெரசாவைத் தந்திரக்காரியாக எழுதினேன். அடுத்ததில் அப்பாவியாக. இரண்டும் அவளில்லை. மகளின் கல்யாணம் எப்போது என்பதற்குப் பல வருடம் பதில் சொல்லி அலுத்தவளுக்கு முதன்முறையாகக் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. அவ்வளவுதான்.)

4

மாலையில் கிறிஸ்துதாஸ் வந்தார். தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்குத் தலைவர். கூடவே ஃபிளெக்ஸ் அடித்த உத்தமன்.

“சிஸ்டர், முக்காடு எப்டி கீது?” என்றான் உத்தமன். “நெட்ல ஒரு வயசான சிஸ்டர் படத்துலேந்து வெட்னேன். உங்க ஜிமிக்கி ஒண்ணு மட்டும் வெளிய மாட்டிகினுச்சு. அத்த அழிச்சா காதே பூடுது.”

“அண்ணா, நான் சிஸ்டர் இல்ல.”

“அய்ய! இன்னொண்ணு அடிச்சு ஆவடில வேற கட்டிட்டேனே!”

கிறிஸ்துதாஸ் அவனைக் கையமர்த்தினார். “தெரியும்மா. இப்பத்தான் அம்மா சொன்னாங்க. ஆனா ஊருக்கே சொல்லியாச்சே. மாதா திருவிழா மேடையில பொன்னாடை போத்தறோம். வெள்ளப் பொடவ கட்டிகினு, தலையில முக்காடு போட்டுகினு சும்மா நில்லு. பேசவே வேணாம். ஒரு நாளு. அப்பறமா மெள்ள சொல்லிக்கலாம்.”

தெரசா ஏற்கெனவே பீரோவிலிருந்து வெள்ளைப் புடவையை எடுத்துவிட்டிருந்தாள். புதுசு.

முக்காடு நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் மறுப்பது சுலபம். ஷைலாவின் சிக்கலே அதுதான். அது அவளுக்குப் பொருந்தியது. ஆனால் ஜெர்மனியில் விடுதியில் அவளோடு உருளைக்கிழங்கு தோல் சீவும் ஒரு கன்னியர், துறவற வார்த்தைப்பாடு கொடுக்கும் முன் வருடக்கணக்கில் யோசித்தவர். அப்படி வாங்கிய முக்காட்டை ஒரு நாள் இரவல் வாங்குவதா? இன்னொன்றும் இருந்தது. ‘உக்காரு’ என்றதும் உட்கார்ந்துவிட்ட ஏதோ ஒரு சிறுமி மேடைக்குக் கீழே நிற்பாள். கேள்வி கேட்க முக்காடு வேண்டும் போல, என்று நினைத்துக்கொள்வாள்.

5

முடிவுகள்.

அ) கட்டிக்கொள்கிறாள். மேடையில் ஒரு பெண் தன் குழந்தையை நீட்டி, “சிஸ்டர், தலையில கை வெச்சு ஜெபிங்க” என்கிறாள். (எழுதிப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஷைலா என்னோடு பேசவில்லை.)

ஆ) மைக்கைப் பிடித்து, “அன்பார்ந்தவர்களே, இறையியல் எல்லோருக்கும்—” (கட்டுரை ஆகிறது. கிழித்தேன்.)

இ) மழை வந்து ஃபிளெக்ஸ் கிழிகிறது. (தன் வேலையை மழையிடம் தள்ளிவிடும் எழுத்தாளரை நம்பாதீர்கள்.)

ஈ) புடவையை அம்மாவின் கையிலிருந்து வாங்கி, மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்தாள். “வேணாம்மா” என்றாள். “திருவிழாவுக்கு வரேன் அங்கிள். சுடிதார்ல, கீழ உக்காந்துக்கறேன்.”

கிறிஸ்துதாஸ் உத்தமனைப் பார்த்தார். உத்தமன் ஆவடியை நினைத்துத் தலையில் கை வைத்தான்.

“கோமளா கேட்டா இன்னாடி சொல்வேன்?”

“படிக்கிறான்னு சொல்லு.”

“படிச்சிட்டு?”

“தெரியலன்னு சொல்லு.”

தெரசா முணுமுணுத்துக்கொண்டே பீரோவைச் சாத்தப் போனாள். அப்போது அவள் விரல்முட்டி கதவில் டொக் என்று ஒரு தடவை பட்டது. சாத்தும்போது இடித்ததா, தட்டினாளா? எனக்குத் தெரியாது. நீங்கள்தான் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக ஷைலாவிடம் ஒரு உதவி கேட்டேன். கதை அழகாக முடியட்டும், அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழே இரண்டு ஜிமிக்கியோடும் ஒரு நிமிடம் நின்று சிரிப்பாயா?

அவள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“வேணாங்க” என்றாள்.