கொடியில் தங்கிய ரத்தம்

முதுகில் போட்ட ஊசி பெல்சியை இடுப்புக்குக் கீழே இல்லாதவளாக்கியிருந்தது. மேலே மிச்சமிருந்த பாதி ஊருணித் தண்ணீரில் மல்லாந்து கிடப்பதுபோல் மிதந்தது. வயிற்றை மறைத்த பச்சைத் துணிக்கு அப்பாலிருந்து மெய்யம்மை டாக்டரின் குரல் அக்கரையில் பேசுவதுபோல் கேட்டது. தலைக்கு மேலிருந்த பெரிய விளக்கின் கண்ணாடியில் என்னவோ சிவப்பாக அசைந்தது.

எட்டு மாதமாக வீட்டில் நச்சுக்கொடியைப் பற்றித்தான் பேச்சு. மூத்தவன் டோனிக்கு ஆறு வயது. உடம்பில் ரத்தம் ஊறாத நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். வயிற்றுப் பிள்ளையின் நச்சுக்கொடி ரத்தத்திலுள்ள, புது ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல் அவனுக்குப் பொருந்தும், ஏற்றினால் பிழைத்துக்கொள்வான் என்று சோதனையில் தெரிந்த அன்று கணவன் இஞ்ஞாசிமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாச்சியாபுரத்துச் சொந்தமெல்லாம் நச்சுக்கொடிக்காக ஜெபமாலை சொன்னது. வரப்போகும் பிள்ளைக்கு என்ன பெயர் என்று ஒரே ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. கேட்காதவர்களில் தானும் ஒருத்தி என்பதுதான் பெல்சியின் மனதை அறுத்தது.

டாக்டர் முன்பே விளக்கியிருந்தார். பிறந்ததும் ஒரு நிமிடம் பொறுத்தால் கொடியிலிருக்கும் ரத்தத்தில் நல்ல பங்கு பிள்ளைக்கே போய்விடும். உடனே வெட்டினால் அண்ணனுக்குத் தங்கும். உடனே வெட்டச் சொல்லிவிடுவோம் என்றான் இஞ்ஞாசிமுத்து. பெல்சியும் தலையாட்டியிருந்தாள்.

அழுகுரல் கேட்டது. விளக்குக் கண்ணாடியில் கொடி துடிப்பது தெரிந்தது.

"பொம்பளைப் பிள்ளை. வெட்டிரவா பெல்சி?"

வெளியே பெஞ்சில் டோனி வெளுத்த விரல்களோடு உட்கார்ந்திருப்பான். அவனை நினைத்துக்கொண்டேதான் வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டரம்மா. அவளும் குடிச்சுக்கிறட்டும்."

அந்த ஒரு நிமிடம் சிலுவைப்பாடு வாசிக்கும் பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் போல நீண்டு கிடந்தது. பிறகு வெட்டினார்கள். கொடி ரத்தத்தைச் சேகரிக்க மதுரையிலிருந்து பெட்டியோடு வந்திருந்த அக்ஷரா நச்சுக்கொடியை உயரத்தில் ஏற்றி வைத்து, கொடியில் ஊசி செருகி, பையைக் கீழே தராசில் கிடத்தினாள். முதலில் ஒழுகியது, அப்புறம் சொட்டியது. பாதிப் பைகூட நிறையவில்லை. பெரியவனுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று பெல்சி பையையே பார்த்தாள். கன்னத்தோடு கன்னமாக வைக்கப்பட்ட சின்னவள் கதகதவென்று இருந்தாள். அந்தச் சூட்டை வேண்டாமென்றும் சொல்ல முடியவில்லை.

"போதுமா அது?" என்று அக்ஷராவிடம் கேட்டாள் பெல்சி.

அக்ஷரா தராசிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"இன்னும் வருதுக்கா," என்றாள். இரண்டு விரலால் கொடியை மேலிருந்து கீழாக, நோகாமல் நீவிவிட்டாள். பைக்குப் போகும் குழாயின் வாயில் ஒரு துளி திரண்டு, விழாமல் நின்றது.