மூன்றாவது ஹூக்கர்

வியாழக்கிழமை காலை செவனாயா மாமா திமிங்கலப் பல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது, என்ன தப்பு என்று அபிசாய் கேட்கவே இல்லை. ஃபிஜியின் கண்டாவு தீவில் யாரும் கேட்க மாட்டார்கள். எழுபது வயதுத் தாய்மாமன் தலையைக் குனிந்து, "எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துபோச்சு மருமகனே, மண்ணைப் போட்டு மூடிரணும்" என்று பல்லை நீட்டும்போது, எது, எப்போது என்று விசாரணை நடத்துகிறவன் மனுஷனே இல்லை. அபிசாய் வாங்கிக்கொண்டான். கையைக் குவித்து மூன்று முறை தட்டினான்.

"மூடியாச்சு மாமா."

அவன் நினைத்தது படகு எஞ்சினை. கிறிஸ்துமஸுக்கு மாமாவின் மகன் நெமானி அவன் படகை எடுத்துப்போய்ப் பவளப்பாறையில் மோதி எஞ்சினை நாசமாக்கியிருந்தான். அதற்குப் போய் இவ்வளவு பெரிய சடங்கா என்று அபிசாய்க்குச் சிரிப்புகூட வந்தது. மாமாவின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தான்; வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டான்.

அபிசாய்க்கு முப்பத்து நான்கு வயது. பதினோரு வருஷமாக ஃபிஜி ரக்பி அணியின் ஹூக்கர், அதாவது இரு அணியும் முட்டித் தள்ளுகிற ஸ்கிரம்மில் முன்வரிசை நடுவே தலையைக் கொடுக்கிறவன். பின்னாலிருந்து தள்ளுகிற பாரமும் எதிரே முட்டுகிற பாரமும் அவன் கழுத்தில்தான் வந்து இறங்கும். நெமானியும் ஹூக்கர்தான், ஒரு வயது இளையவன். உலகக் கோப்பைக்கு மூன்று ஹூக்கர்களைக் கூட்டிப்போவார்கள். இரண்டு கோப்பைகளாக நெமானி நான்காவது ஆளாகவே நின்றுபோனான்.

"மச்சான், பிளேன் படிக்கட்டுல வழுக்கி விழுந்தா சொல்லு. என் பெட்டி ரெடியா இருக்கு" என்பான் நெமானி.

"நான் செத்தாலும் என் பொணத்தைத்தான்டா கூட்டிட்டுப் போவாங்க. உன்னை இல்ல."

மச்சான்மார் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். பேசாவிட்டால்தான் ஊர் சந்தேகப்படும்.

ஏப்ரலில் பிரான்ஸில் ஓர் ஆட்டத்தில் ஸ்கிரம் சரிந்து அபிசாய் கழுத்தில் அடிபட்டது. இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போய்த் திரும்பவில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் நெமானியிடம் மட்டும் சொன்னான். சுவாவில் பயிற்சி முகாம் நடந்தபோது, கைப்பிடிச் சோதனையில் நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் அவனுக்குப் பதிலாகக் கருவியை அழுத்தியது நெமானிதான். இருவரும் கழிவறைக்குள் போய்ச் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள்.

அவன் சம்பளத்துக்கு ஆடுகிற பிரான்ஸ் கிளப் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. உலகக் கோப்பைக்குப் போகாமல் இருந்தால் இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தம் நீளும், போனால் கிடையாது.

"கிழிச்சுப் போடு மச்சான்" என்றான் நெமானி. "இதுதான் உனக்குக் கடைசிக் கோப்பை. நாட்டுச் சட்டையை விட்டுட்டு அவன்கிட்டப் போய் நிப்பியா?"

அபிசாய் கிழித்துப் போட்டான்.

முகாம் முடிந்து எல்லோரையும் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை வானொலியில் அணியை வாசித்தார்கள். இரண்டு சின்னப் பையன்களின் பெயர்கள் வந்தன. மூன்றாவது ஹூக்கராக நெமானியின் பெயர் வந்தது. வாசிப்பவர் திருத்துவார் என்று அபிசாய் காத்திருந்தான். அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

ஊரில் போன் சிக்னல் கிடைப்பது மலைமேல் மட்டும்தான். மூச்சிரைக்க ஏறிப்போய்க் கோச்சைக் கூப்பிட்டான்.

"ரெண்டு நாளா உனக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன்பா" என்றார் அவர். "உன் கை விஷயத்தை உன் வீட்டு ஆளே வந்து சொன்னபிறகு நான் என்ன பண்ணட்டும்? சோதனையில நீ ஏமாத்தினதையும் சொன்னான்."

கருவியை யார் அழுத்தியது என்பதை மட்டும் நெமானி சொல்லியிருக்க மாட்டான். அபிசாய் மலையிலிருந்து இறங்கினான். நேராக மாமா வீட்டுக்குப் போனான். கவா பானக் கிண்ணத்தைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நெமானி தலை நிமிரவில்லை.

"மாமா, நேத்து நீங்க கொண்டுவந்தது எதுக்கு?"

"நீதான் வாங்கிட்டியே."

"என்னன்னு நீங்க சொல்லலையே."

"நீ கேக்கலையே, மருமகனே."

நெமானி வாயைத் திறந்தான். "உன் கழுத்துக்காகத்தான் சொன்னேன் மச்சான். இன்னொரு அடி விழுந்தா நீ எந்திரிக்கவே மாட்ட. உனக்குப் புள்ளைங்க இருக்கு."

பதில் அபிசாயின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாமா தொண்டையைச் செருமினார். மூடியதைத் தோண்டினான் என்று பெயர் வந்தால் தீவு முழுக்க அவன் பிள்ளைகள்வரை அது ஒட்டிக்கொள்ளும். யாரோ நீட்டிய கவாச் சிரட்டையை அபிசாய் வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அவனால் அங்கே சொல்ல முடியாததை, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவன் பெண்டாட்டி உனைசி சொன்னாள். அவள் வேறு தீவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், யாருக்கும் பயப்படாதவள்.

"கடிதாசியைக் கிழிக்கச் சொன்னப்ப உன் கழுத்து எங்க போயிருந்துச்சாம்? அப்ப நமக்குப் புள்ளைங்க இல்லையாமா?"

அபிசாய் பாயில் உட்கார்ந்து அழுதான். அந்த விரல்களைப் பற்றி அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கும் திட்டு வாங்கினான். நெமானி சொன்னது பொய்யாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தக் கழுத்து நிஜமாகவே போய்விட்டது. அது எப்போது போனால் தனக்கு நல்லது என்று கூடவே இருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் மச்சான் என்பதுதான் அவனைக் குடைந்தது.

சனிக்கிழமை காலை ஊரே கடற்கரையில் கூடி நெமானியை வழியனுப்பியது. பாஸ்டர் ஜெபித்தார், பெண்கள் பாடினார்கள். வராமல் இருந்தாலும் தோண்டியதாகத்தான் அர்த்தம், அதனால் அபிசாயும் வந்தான். நெமானி கழுத்து நிறைய மாலையோடு முழங்கால் தண்ணீரில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"மச்சான், நான் திரும்பி வர்ற வரைக்கும் டீ கப்பை இடது கையில பிடிக்காதே. உனைசி திட்டுவா."

கூட்டம் சிரித்தது. யாரும் 'ஏன்' என்று கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு எல்லா முகமும் அபிசாய் பக்கம் திரும்பியது, பதிலுக்கு அவன் என்ன விடப்போகிறான் என்று.

மன்னிக்கச் சொல்லி வழக்கம் அவனைக் கட்டிப்போடலாம். சிரிக்கச் சொல்லிக் கட்டிப்போட முடியாது.

"கடவுள் துணை" என்றான் அபிசாய். "நல்லபடியா போயிட்டு வா, நெமானி."

நடக்கப் பழகிய நாளிலிருந்து அவன் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை; மச்சான்தான். பாட்டு நின்றுபோனது. படகோட்டி கூப்பிட்டும் நெமானி ஏறவில்லை.

"மச்சான்னு சொல்லு" என்றான், குரல் இறங்கிப்போய். "ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லிட்டுப் போ."

அபிசாய் அவன் பெட்டியைத் தூக்கி, நனையாமல் படகுக்குள் வைத்துவிட்டுக் கரைக்கு நடந்தான்.