தரை எட்டாத கால்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் கணவர் எலிஹு ப்ராதர் அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்குக் குடியேற வந்தபோது அவரிடம் ஒரு கோடரியும் அந்த வாயும்தான் இருந்தன. சீக்கிரமே எங்கள் ஊரான பேட்ஜர் க்ரீக்கில் அவர் சொன்னதே சட்டம் என்றானது. எங்கள் குதிரையைத் திருடினான் என்று ஆசா வின்டலை ஆற்றங்கரை ஓக் மரத்தில் தூக்கிலிட வைத்ததும் அந்த வாய்தான். மறுவாரம் குதிரை சேறும் சகதியுமாகத் தானே லாயத்துக்கு வந்து நின்றது. பார்த்தது நாங்கள் இருவர் மட்டும். அவர் குதிரையைத் தொலைவில் விற்றார். மரத்தையும் வெட்டச் சொன்னார்.

வெட்டினால் அடிக்கட்டை மிஞ்சாதா? நல்ல அகலக் கட்டை. தேர்தலில் நிற்பவர்கள் அதன்மேல் ஏறிப் பேசுவது ஊர் வழக்கமாகிவிட்டது. இவர் சட்டசபைக்கு நின்றபோது வண்டிமேல் நின்று பேசினார், பீப்பாய்மேல் நின்று பேசினார். கட்டைப் பக்கம் மட்டும் போகவில்லை.

கடைசிக் கூட்டத்துக்கு முன்பு ஆசாவின் மனைவி கெஸியா வந்தாள்.

"எனக்கு எதுவும் தர வேணாம் ஐயா. அவரு திருடலன்னு ஊர் முன்னால ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என் புள்ளைங்களத் திருடன் பெத்ததுன்னு கூப்பிடறாங்க."

"சொல்றேம்மா" என்றார் இவர்.

அவள் போனதும் நானும் சொன்னேன். "பதவி போனா போகட்டும். சோளம் வெதச்சுப் பொழைச்சுக்கலாம்."

கூட்டத்தில் எதிராளியின் ஆட்கள் சீண்டினார்கள். "என்ன ப்ராதர், கட்டையக் கண்டா கால் நடுங்குதா? ஏணி கொண்டாரவா?"

ஏறிவிட்டார். கெஸியா பிள்ளைகளோடு முன்னால் வந்து நின்றாள்.

"குதிரைத் திருடன் எவனும் இந்த ஊர்ல தப்பிச்சதில்ல. இதே எடத்துல ஒருத்தனைத் தொங்கவிட்டுக் காட்டுனவன் நான்."

ஆற்றின் அக்கரை வரை கைதட்டல் கேட்டிருக்கும். எனக்கு அந்த மனிதர்மேல் அருவருப்பாக இருந்தது. கெஸியா அழவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

இனி ஜெயித்த மாதிரிதான் என்று எல்லோரும் விஸ்கி குடிக்கப் போனார்கள். இவர் மட்டும் இறங்கவில்லை.

"எறங்குங்க. எல்லாரும் போயாச்சு."

"எப்படி எறங்கறது திர்ஸா? கீழ தரையே இல்லையே."

முழங்கால் உயரக் கட்டை அது. நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். இடுப்பைப் பிடித்து இழுத்துப் புல்லில் நிறுத்தினேன்.

அவர் இரண்டு கைகளாலும் என்னைக் கட்டிக்கொண்டார்.

"விட்டுடாத திர்ஸா. இன்னும் கால் எட்டல."