மறுபக்கத்தில் பாடியவர்

கொழிஞ்சாம்பாறையில் கடலை போட்டிருந்த பூமியில் பாதியை விற்று ரத்தினசாமி ரெக்கார்டு கம்பெனி தொடங்கியது எழுபத்திரண்டாம் வருஷம். மெட்ராஸில் பாட்டைப் பதிந்து, அங்கேயே இசைத்தட்டும் அடித்து வாங்கிவந்து, கோயமுத்தூர்க் கடைகளுக்கும் கேரள எல்லையோரத்து மைக்செட்காரர்களுக்கும் விற்பதுதான் தொழில். முதலாளி அவர். பாடுகிறவன் அவர் மனைவி முத்தாத்தாளின் தம்பி ஆறுச்சாமி.

முதல் தட்டிலேயே ஆறுச்சாமியின் முருகன் பாட்டு பிடித்துக்கொண்டது. கோயில் நோம்பி, திருவிழா என்று கூப்பிட்டு மாலை போட்டார்கள். ஓரிடத்தில் கூடப்போன ரத்தினசாமியைப் பார்த்து, "ஆர்மோனியப் பொட்டிய அப்பிடி வெச்சுட்டு நவுந்துக்குங்க" என்றார் தர்மகர்த்தா. அன்றிலிருந்து ரத்தினசாமிக்குச் சோறு இறங்கவில்லை. அவரும் பஜனையில் பாடியவர்தான். அவன் தொண்டையில் மட்டும் என்ன இருக்கிறது?

அடுத்த தட்டின் மறுபக்கத்தில் அவரே பாடினார். தாளம் தப்பியபோதெல்லாம் ஆறுச்சாமி பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று தொடையில் தட்டிக்காட்டினான். அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆறுச்சாமியின் பக்கம் எல்லா ஊரிலும் ஒலித்தது. அவர் பாட்டை எங்கும் காணோம். வேலந்தாவளத்து நோம்பியில் மைக்செட் கருப்புசாமியிடம், யாரோ போலப் போய்க் கேட்டார்.

"அந்தப் பக்கத்தையும் ஒருக்காப் போடறதுதானுங்க?"

"போட்டுப் பாத்தனுங்க. சனம் எந்திரிச்சுப் போயிருச்சு."

ஊருக்கு வந்ததும் ஆறுச்சாமியை விலக்கிவைத்தார். அடுத்த தட்டில் இரண்டு பக்கமும் தானே பாடினார். தட்டுகள் கட்டுக்கட்டாக நெல் மூட்டைகளுக்கு மேல் கிடந்தன. மைத்துனன் பழையபடி ஏர் ஓட்டப் போனான்.

இரண்டு வருஷம் அப்படியே போனது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே முத்தாத்தாள் சொன்னாள்.

"ஏனுங்க, கோயமுத்தூர்க் கம்பெனிக்காரங்க மூணு தரம் வந்து தம்பியக் கூப்பிட்டாங்களாமா. மச்சான் கம்பெனிக்குத் தவுத்து வேற எங்கயும் பாடமாட்டன்னு சொல்லிட்டானாமா."

ரத்தினசாமி கையை உதறிக்கொண்டு எழுந்தார். குரல்தான் அவனுக்கு வாய்த்தது என்று பார்த்தால் இந்தப் பெருந்தன்மையும் அவனுக்கே வாய்த்திருக்கிறதே என்று வயிறு எரிந்தது. நாளைக்கு ஊரே இதைச் சொல்லிச் சொல்லி அவனைக் கொண்டாடும். அதைக் காது கொடுத்துக் கேட்க அவரால் ஆகாது.

விடிந்ததும் ஆறுச்சாமியின் வீட்டுக்குப் போனார்.

"மாப்ள, சட்டையப் போடு. கோயமுத்தூருக்குப் போலாம்."

"எதுக்குங்க மச்சா?"

"அவிய கம்பெனில பாடு. நாஞ் சொன்னன்னு சொல்லு."

"உங்க கம்பெனி என்னாவறதுங்க?"

"எனக்காவ நீ ஒண்ணும் தியாகம் பண்ண வேண்டாம்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சானின் நல்ல மனசு என்றே எடுத்துக்கொண்டான். ரத்தினசாமி அதை மறுக்கவில்லை.

கம்பெனி அந்த வருஷமே மூடிப்போனது. மிச்சப் பூமியில் கடலை போட்டார். தைப்பூசத்தன்று கோயில் ஒலிபெருக்கியில் ஆறுச்சாமியின் புதுப் பாட்டு வந்தது. வரப்பில் நின்று கேட்டார். தபேலா சரியில்லை என்று முணுமுணுத்தார். ஆர்மோனியம் ஏகத்துக்கும் சத்தம் என்றார். தண்ணி மடை உடைத்து ஓடியது. பாட்டு முடிகிற வரைக்கும் அவர் அங்கிருந்து நகரவில்லை.