கழிவறைச் சாவி

எங்கள் தையல் கம்பெனியில் கழிவறைக்குப் போக, கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சூப்பர்வைசர் மனசு வைத்தால்தான் சாவி கிடைக்கும்.

கேன்டீனில் சரியாக வேகாத கோழியைத் தின்று, எனக்குக் காய்ச்சலும் வயிற்றைப் பிசைகிற வலியும் ரத்தமாய்ப் பேதியும் வந்தன. கையைத் தூக்கி நின்றேன்.

"நடிக்காத," என்றான்.

நின்ற இடத்திலேயே போய்விட்டது. எல்லோரும் பார்த்தார்கள்.

"குடல்ல கிருமித் தொற்றும்மா. அரைவேக்காட்டுக் கறியிலயும் வரும், கழுவாத கையிலயும் வரும்," என்றார் டாக்டர்.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியதும், "நாறடிச்சது நீதானே? இனிமே கக்கூஸ நீயே கழுவு," என்று சாவியை என் மேல் வீசினான்.

கேன்டீன் திருந்தவில்லை. நேற்று அவனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளிறி ஓடிவந்தான்.

"அக்கா, சாவி! சீக்கிரம்க்கா!"

அதுவரை நான் அவனுக்கு வெறும் 'ஏய்'.

"கையத் தூக்கிட்டு நில்லுங்க சார். கை கழுவிட்டு வந்துடறேன்."

தூக்கினான். நான் குழாயடியில் சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று நிதானமாகத் தேய்த்தேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகுதான் சாவியைத் தேட ஆரம்பித்தேன். அது என் இடுப்பில்தான் இருந்தது.