ஏழு குடும்பம்

பள்ளிக்கூட மைதானத்தில் சாம்பலைக் கொட்டி எங்கள் ஊரை வரைந்தார்கள். ஊர் நிலத்தைப் பிரித்துக் கொடுக்க நகரத்திலிருந்து வந்த திட்டக்காரர் லுகாசி கையில் குச்சியோடு நடுவில் நின்றார். ஆற்றுக்கு ஒரு நீலத் துணி, மலைக்காட்டுக்கு இலைக்கொத்து, குடும்பத்துக்கு ஒரு மக்காச்சோள மணி. கிதேங்கா ஊரே கூடியிருந்தது. விவசாயிகள் ஒரு பக்கம், மாடு மேய்க்கிற மாசாய்கள் நாங்கள் ஒரு பக்கம். நான் முன்வரிசையில் இருந்தேன். திட்டக் குழுவில் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமாம். அதனால் இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைத்தார்கள். உட்காரத்தான் சொன்னார்கள், பேசச் சொல்லவில்லை.

ஊர்த் தலைவர் அமோசி மணிகளை அள்ளி அள்ளி வைத்தார். அவரும் விவசாயிதான். தார் எஸ் சலாம் பட்டணத்தில் பஸ் ஓட்டுகிற மகனுக்கு ஒரு மணி, கல்யாணமே ஆகாத தம்பிக்கு ஒரு மணி. செத்துப்போன மாமனாருக்கும் ஒன்று வைத்திருப்பார், யாரோ இருமிவிட்டார்கள்.

எங்கள் முறை வந்தது. என் கணவர் தொரோகே எழுந்து நின்றார்.

"உங்க குடும்பத்துல எத்தன பேருங்க?" என்று லுகாசி கேட்டார்.

"இருக்கோம்."

"அதான், எத்தன பேரு?"

"இருக்கற பாலக் குடிச்சு முடிக்கற அளவுக்கு இருக்கோம்."

"சரி, மாடு எத்தன?"

"மேயுது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிள்ளையையும் மாட்டையும் வாய்விட்டு எண்ணினால் குறையும் என்பது எங்கள் பேச்சு. மாலையில் மாடுகள் பட்டிக்குள் நுழையும்போது நிறத்தையும் கொம்பையும் பார்த்தே எது வரவில்லை என்று தொரோகே சொல்லிவிடுவார். எண் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. லுகாசி பெருமூச்சு விட்டுவிட்டு அவருக்கென்று ஒரு மணியை வைத்தார். எங்கள் பட்டியில் குடும்பத் தலைவர்களான ஆண்கள் ஏழு பேர். ஆகவே ஏழு மணி. முடிந்தது கணக்கு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களில் வீடு என்பது பெண்ணுடையது. சாணியும் மண்ணும் குழைத்துக் கட்டுகிறவள் அவள்தான். அவள் அடுப்பு, அவள் பிள்ளைகள், அவளுக்கென்று கொடுத்த மாடுகள். பார்க்கப்போனால் தொரோகேவுக்கு வீடே கிடையாது. நான்கு மனைவிகளின் வீட்டில் முறை வைத்துத் தூங்குகிற மனிதர். நான் மூன்றாமவள்.

"ஐயா, அது ஒரு வீடு இல்ல, நாலு வீடு," என்றேன். "எங்க பட்டிக்கு வந்து நின்னு பாருங்க. எத்தன கூரையில பொக வருதுன்னு பாருங்க."

"சைபுலு அம்மா, உக்காரு." தொரோகே தடியை என் தோளில் வைத்து அழுத்தினார்.

அமோசி தொடையில் தட்டிக்கொண்டார். "ஒரு ஆம்பளைக்கு நாலு அடுப்புன்னா நாலு குடும்பமா? அப்ப எங்காளுங்கள்ல சின்னவீடு வச்சிருக்கறவனுக்கெல்லாம் ரெண்டு ரெண்டு மணி வைங்க ஐயா!"

மறுபடியும் சிரிப்பு. என் பக்கத்து ஆண்களும் சிரித்தார்கள், அதுதான் பொறுக்கவில்லை.

சைபுலு என் ஒரே மகன். அவன் பிறந்த நாளிலிருந்து நான் சைபுலு அம்மா. அதற்கு முன்னால் எனக்கு இருந்த பெயரை என் அப்பன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். அவனுக்கு மூத்த மூன்று பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். என் வீட்டில் மிச்சம் இருந்தது அவனும் நானும்தான்.

ஏழு குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? கிணறு கிடையாது, இருபது குடும்பமாவது இருந்தால்தான் கிணறு. மேய்ச்சலுக்கு மேற்கே வேலங்காடு. வரைபடத்தில் பச்சை பூசியிருந்தார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மழைக்காலத்தில் அங்கே புல் உண்டு. மழை நின்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலுக்குள் போனால் மாட்டைக் கொல்லுகிற ஈ. அதனால்தான் கோடையில் நாங்கள் ஆற்றோரக் கரிசலுக்கு இறங்குவோம். அறுவடை முடிந்த தட்டையை மாடு தின்னும், சாணி போடும், அடுத்த விதைப்பு நன்றாக வரும். இப்போது விவசாயிகள் ஆற்றுத் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துக் கோடையிலும் விதைக்கிறார்கள். கரிசல் முழுக்க விளைநிலம் என்று எழுதியாகிவிட்டது. எங்களுக்கு ஆறுவரை ஒரு மாட்டுப் பாதை விட்டார் லுகாசி. இரண்டு வண்டி அகலம். "ஏழு குடும்பத்து மாட்டுக்கு இது தாராளம்," என்றார். கெட்ட மனிதர் இல்லை. மணியை எண்ணினார், அதற்கு ஏற்றபடி கோடு போட்டார்.

வேலி பயிரை மேயும் என்பார்கள். இங்கே பயிர் வேலியை மேய்ந்தது. பாதையின் இரண்டு ஓரத்திலும் அமோசியின் ஆட்கள் ஒவ்வொரு சாலாக மக்காச்சோளம் நட்டார்கள். கேட்டால், "மண்ணு சும்மாதானே கெடக்கு," என்பார்கள். கோடை முற்றியபோது பாதையில் இரண்டு மாடு சேர்ந்து நடக்க முடியவில்லை. நடக்கிற மாடு பக்கத்தில் இருக்கிற பச்சையைக் கடிக்காமல் போகுமா? கடித்த மாட்டைப் பிடித்துக் கட்டினார்கள். பிறகு கட்டுவதை விட்டுவிட்டு வெட்ட ஆரம்பித்தார்கள்.

என் கல்யாணத்துக்குக் கொடுத்த பசுவின் வழியில் வந்த வெள்ளைப் பசு ஒரு காலையில் பாதையில் உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்து முன்னங்காலை ஊன்றியது, பின்பக்கம் வரவில்லை. பின்னங்கால் நரம்பு இரண்டையும் அரிவாளால் அறுத்திருந்தார்கள். அது கத்திய கத்தல் இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. சைபுலு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தான். எழுந்தபோது முழங்கை வரை ரத்தம். அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது.

மறுநாள் விடிந்ததும் பட்டி வாசலில் இளைஞர்கள் எல்லாரும் ஈட்டியோடு நின்றார்கள். மொத்த மாட்டையும் ஒன்றாக ஆற்றுக்கு ஓட்டுவது என்று முடிவு. நான் முள்படலுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"நீ போக வேணாம்."

"தள்ளும்மா. மாடு நேத்தும் தண்ணி குடிக்கல. நாக்கு எப்படி வீங்கிக் கெடக்குன்னு பாத்தியா?"

"மாடு போனா போவுது. எனக்கு ஒத்தப் புள்ளடா."

"மாடு போனா உன் வீட்ல என்னத்தக் குடிப்ப? அமோசி வீட்டு வாசல்ல போயி நிப்பியா?"

அவன் அப்பனிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, நில்லுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றேன். தொரோகே மாடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சைபுலு என் இரண்டு தோளையும் பிடித்து, ஒரு குடத்தை நகர்த்துகிற மாதிரி மெதுவாகப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான்.

பெண்கள் நாங்கள் பின்னாலேயே ஓடினோம். தண்ணீர் வாசனை பிடித்த மாடுகள் யாருக்கும் அடங்கவில்லை. பாதையில் பாதி தூரம் போனதும் இரண்டு பக்கத்துச் சோளத்துக்குள்ளிருந்தும் அம்பு வந்தது. முன்னால் போன காளை விழுந்தது, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது. பிறகு அரிவாளும் மண்வெட்டியுமாக ஆட்கள் வெளியே பாய்ந்தார்கள். யார் கை, யார் கால், ஒன்றும் தெரியவில்லை. ஒருவன் தன் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு சாலோரம் உட்கார்ந்தான், களைத்துப்போய் உட்காருகிறவன் போல. சோளத் தட்டையெல்லாம் சிவப்பு.

சைபுலுவைப் பார்த்துவிட்டேன். அவனுக்கு எதிரில் வெங்காயக்காரன் தோமசி. என்னிடம் பால் வாங்கி வெங்காயம் கொடுப்பவன், கொசுறாக இரண்டு போடாமல் அனுப்பமாட்டான். அவன் கையில் அரிவாள் ஓங்கி இருந்தது. சைபுலுவின் ஈட்டி அவன் மார்பில் இறங்கி முதுகில் வந்தது. என் மகன் அதை இழுத்தான், வரவில்லை. காலை வைத்து மிதித்து இழுத்தான். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒருவன் மண்வெட்டியால் அவன் பிடரியில் போட்டான்.

நான் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு போடு போட்டுவிட்டார்கள். நான் அவன்மேல் விழுந்தேன். என்னை வெட்டவில்லை, ஏன் என்று தெரியாது. அவன் தலையை மடியில் வைத்தால் தலை ஒரு வடிவமாக இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. "சைபுலு, சைபுலு," என்று கத்தினேன். அதற்குப் பிறகு எங்கள் பட்டிக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதே பாதையில் மாடுகள் எங்களைத் தாண்டிப் போய் ஆற்றில் வாய் வைத்துக் குடித்தன.

மத்தியானம் விவசாயிகள் எங்கள் பட்டிக்கே வந்து நெருப்பு வைத்தார்கள். நான் கட்டிய வீடு, என் கைத்தடம் பதிந்த சுவர், கூரை விழுந்து வெடித்தது. கட்டியிருந்த கன்றுக்குட்டிகளை யாரும் அவிழ்க்கவில்லை. போலீஸ் லாரி வருவதற்குள் சாம்பல் ஆறிவிட்டது.

செத்தவர் பெயரை நாங்கள் சொல்லமாட்டோம். அந்தப் பெயர் உள்ள மற்றவர்களுக்குக்கூட வேறு பெயர் மாற்றிவிடுவோம். அப்படியானால் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள்? கூப்பிடவில்லை. "ஏய்" என்றார்கள். "மூணாவது வீட்டுக்காரி" என்றார்கள், வீடே இல்லாதவளை. தொரோகே கையை மட்டும் தட்டுவார்.

சமாதானக் கூட்டத்தைப் பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்தார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் போலீஸ். வட்டார அதிகாரி ஒருவர் வந்திருந்தார், லுகாசி அவர் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். விவசாயிகள் பக்கம் செத்த நான்கு பேரின் பெயரைச் சொன்னார்கள். தோமசி பெயர் வந்தபோது அவன் பெண்டாட்டி யுலிதா எழுந்து நின்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்க பக்கம்?" என்றார் அதிகாரி.

எங்கள் ஆண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"செத்தவங்க யாரும் இல்லையா?"

அமோசி எழுந்தார்.

"பாத்தீங்களா ஐயா? செத்தவன் எங்க பக்கம், கொன்னவன் அந்தப் பக்கம். ஏழே ஏழு குடும்பம். வேற எங்கயாவது கொண்டுபோயி விட்டுடுங்க. ஊரு நிம்மதியா இருக்கும்."

அதிகாரி யோசித்தார். "ஏழு குடும்பம்னா பெயர்க்கறது கஷ்டமில்ல," என்று லுகாசியிடம் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது. என் பிள்ளை செத்துப் பதினைந்து நாள் ஆகவில்லை, அவன் சாகவும் இல்லை, பிறக்கவும் இல்லை என்று முடித்துவிட்டு மாட்டையும் எங்களையும் லாரியில் ஏற்றப் போகிறார்கள். நான் எழுந்தேன்.

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி.

"சைபுலு அம்மா."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவர் ஒருவர் தரையில் துப்பினார். தொரோகே எழுந்ததை நான் பார்க்கவில்லை, தடி என் வாயில் விழுந்தபோதுதான் தெரிந்தது. பல் நாக்கில் வந்து கிடந்தது. துப்பிவிட்டுச் சொன்னேன்.

"சைபுலு. தொரோகே மவன். மண்வெட்டியால அடிச்சுக் கொன்னாங்க. எழுதுங்க."

மறுபடியும் ஓங்கினார். போலீஸ்காரன் பாய்வதற்கு முன்பே தடி தானாகவே கீழே விழுந்தது. அவர் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, காயம்பட்ட மாடு மாதிரி கத்தினார். அவருக்கும் அவன் மகன்தானே.

"வேற யாரு?" என்றார் அதிகாரி.

மற்றப் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அப்போது தொரோகேயின் மூத்த மனைவி எழுந்தாள். பெயர் எதையும் சொல்லாமல் கையை உயர்த்தி, எங்கள் பக்கம் செத்தது ஐந்து பேர் என்று விரலை விரித்துக் காட்டினாள். "இனிமே எண்ணாம விட்டு என்னத்தக் காப்பாத்தப் போறோம்," என்று என்னைப் பார்க்காமலே சொன்னாள். நான் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வீடுகளைச் சொன்னேன், ஒவ்வொரு பெண்ணின் வீடாக. இருபத்தாறு. லுகாசி எழுதிக்கொண்டே வந்தார். எங்களைப் பெயர்க்கவில்லை. பாதையில் நட்டதைப் பிடுங்கச் சொல்லி உத்தரவாயிற்று. கிணற்றுக்கு இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வரும்போது பார்ப்போம்.

நான் மறுபடியும் வீடு கட்டினேன். தொரோகே அதற்குள் வருவதில்லை. மற்றவர்கள் என் அடுப்பில் நெருப்பு எடுப்பதில்லை. வாய் திறந்து எதையாவது சொல்லிவிடுவேனோ என்று பிள்ளைகளை என் பக்கம் விடுவதில்லை. நான் செய்ததற்கு வருந்தவில்லை. ஆனால் நாள் முழுக்க யாரும் கூப்பிடாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று சொன்னால் புரியாது.

போன வாரம் சாயங்காலம் முள்வேலிக்கு வெளியே ஒரு சத்தம். யுலிதா. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, கையில் கல்.

"சைபுலு அம்மா! வெளிய வாடி! சைபுலு என் புருஷன மிதிச்சு ஈட்டிய உருவினானாமே! அந்தச் சைபுலு பேரு வெளங்குமா? அவன் பேரு நாசமாப் போவ!"

கல் என் சுவரில் பட்டு மண் உதிர்ந்தது. எங்கள் பையன்கள் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"விடுங்கடா. அவள ஒருத்தனும் தொடக் கூடாது."

அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். நான் வேலியோரம் போய், அவள் குரல் நன்றாகக் கேட்கிற இடத்தில் உட்கார்ந்தேன். அடுத்த கல் என் காலில் பட்டது. நான் நகரவில்லை. அவள் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் அவன் பெயரைச் சொன்னாள்.